காந்தம் வைத்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பின் அறிவியல் பக்கத்தில், உடலுக்கு வெளியே ஒரு காந்தத்தை வைத்தால் போதும், நானோ துகள்கள் எனப்படும் மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்கள் மருந்தைப் புற்றுக்கட்டிக்கே கொண்டு சேர்த்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். கல்லீரல் கட்டிக்காக மாதந்தோறும் திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறும் என் மைனி அந்த வரியை இருமுறை படித்துவிட்டு, "தம்பி, காந்தம் போதுமாமே, இனி கீமோ எதுக்கு?" என்று கேட்டார். அவரை அடுத்த பயணத்துக்குச் சம்மதிக்க வைக்க எனக்கு மூன்று நாள்கள் ஆயின.

நான் மணவாளக்குறிச்சிக்காரன், இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கருமணலிலிருந்து இல்மனைட் என்ற கனிமத்தைக் காந்தத்தால் பிரிக்கும் ஊர் எங்களுடையது. வலிமையான காந்தத்தை ஒட்டியே மணல் ஓடுவதால்தான் அது நடக்கிறது. சற்று விலகினாலும் இழுவிசை வெகுவாகக் குறைந்துவிடும். துகள் சிறுக்கச் சிறுக்க அந்த விசையும் சிறுக்கும். அப்படியிருக்க, வயிற்றின் ஆழத்தில், ஓடும் இரத்தத்தில், நானோ துகளை வெளியிலிருந்து பிடித்து நிறுத்துவது எத்தனை கடினம் என்பதைத் தாங்கள் அறியாதவரல்லர். எபிருபிசின் என்ற புற்றுநோய் மருந்தை இவ்வாறு காந்தத்தின் துணையோடு 14 நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்த ஜெர்மானிய ஆய்வு வெளிவந்தது 1996இல். இன்றுவரை அது வழக்கமான சிகிச்சையாகவில்லை.

படமெடுப்பதில் இத்துகள்கள் பயன்பட்டது உண்மை. நலமான கல்லீரலின் செல்கள் இரும்பு ஆக்சைடை விழுங்கி எம்.ஆர்.ஐ. படத்தில் கருமையாகும், கட்டி மட்டும் வெளிறித் தெரியும். இதற்காக 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இரும்பு ஆக்சைடு மருந்தும் பின்னர் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. இரத்தசோகைக்காக 2009இல் அங்கே அனுமதிக்கப்பட்ட ஃபெருமாக்சிட்டால் என்ற இன்னொரு இரும்பு ஆக்சைடு நானோ துகள் மருந்துக்கு, உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை குறித்த கடும் எச்சரிக்கை 2015இல் சேர்க்கப்பட்டது. இவற்றில் ஒன்றுகூடத் தங்கள் கட்டுரையில் இல்லை.

இது முதல் முறையும் அன்று. தங்க நானோ துகள் பற்றிய முந்தைய கட்டுரையில், 'எலி' என்ற சொல் கடைசிப் பத்தியில்தான் வந்தது. அப்போதும் எழுதினேன், பிரசுரமாகவில்லை, பதிலும் இல்லை. நாற்பது ஆண்டுகளாகத் தங்கள் நாளிதழை வாங்கும் வீட்டுக்கு ஒரு வரி பதில் எழுதக்கூடாதா? புற்றுநோய் என்றாலே வயிறு கலங்கும் கடலோர ஊர்களில், அச்சில் வந்ததை மருத்துவர் சொன்னதாகவே எண்ணுபவர்கள் இருக்கிறார்கள்.

நான் கேட்பது ஒன்றே. மருத்துவ ஆய்வு பற்றிய கட்டுரைகளின் தலைப்புக்குக் கீழேயே, அது ஆய்வுக்கூடத்தில் இருக்கிறதா, விலங்குகளிடம் சோதிக்கப்படுகிறதா, மனிதர்களுக்கு அனுமதி பெற்றதா என ஒரு வரி அச்சிடுங்கள். வரும் செவ்வாயன்று மைனி மீண்டும் திருவனந்தபுரம் செல்கிறார். பஸ்ஸில் படிக்க அவர் எடுத்துச் செல்வது தங்கள் நாளிதழைத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மணவாளக்குறிச்சி, குமரி மாவட்டம்.