மேட்டில் நிற்கிற வண்டி

தர்மபுரி
தை மாதம், ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

பாப்பா, ஃபோனில் பேசினால் "மீட்டிங் இருக்குப்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். அவசரமில்லை, டீ குடிக்கும்போது படி.

பொங்கலுக்கு வந்தாயே, அந்த இரண்டாம் நாள் ராத்திரி. அம்மா களி கிண்டி, உனக்குப் பிடிக்கும் என்று அவரைக்கொட்டைக் குழம்பு வைத்திருந்தாள். இடது கையில் ஃபோனை வைத்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தாய். கை கழுவிவிட்டு வந்து, "என்ன குழம்பும்மா இன்னைக்கு?" என்று கேட்டாய். அம்மா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படுத்த பிறகும் தொப்பூர் கணவாய்தான் கண்முன் நின்றது.

உனக்கு இதை நான் சொன்னதே இல்லை. 1998-இல் பாலக்கோட்டில் லாரியில் தக்காளி ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போனேன். அப்போது அந்த ஹைவே ஏழாம் நம்பர் ரோடு, இப்போதுதான் 44. தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் போகிறவனுக்குத் தொப்பூரில் இறக்கம். அதற்கு முன்னால் மேட்டிலேயே வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிரம் பக்கம் கையை நீட்டிச் சூடு பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அப்படித்தான் பழக்கியிருந்தார். அன்றைக்குத் தக்காளி நசுங்கிவிடும், விடிவதற்குள் மார்க்கெட் சேர வேண்டும் என்று நிற்காமல் இறங்கினேன்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் டிரம் காய்ந்து விரியும். அதை அழுத்திப் பிடிக்கிற லைனர் பிடிக்காது. மிதிக்க மிதிக்க பிரேக்கை இயக்குகிற காற்றும் இறங்கும். பாதி வழியில் கருகிய வாடை வந்தது. பெடல் தரையைத் தொட்டது, வண்டி கேட்கவில்லை. கியரைக் குறைத்து, ஓரத்து மண்மேட்டில் உரசி உரசித்தான் நிறுத்தினேன். சாமி புண்ணியம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிளீனர் பையன் தண்ணீர்க் குடத்தோடு ஓடினான். ஊற்றாதே என்று கத்தினேன். காய்ந்த இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் டிரம் விரிசல் விட்டுவிடும், அது தானாகத்தான் ஆற வேண்டும். இருட்டில் உட்கார்ந்து, இரும்பு டிக் டிக்கென்று ஆறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்போது நீ அம்மா வயிற்றில் ஏழு மாதம்.

மேட்டில் பத்து நிமிஷம் நின்றிருந்தால் போதும். நிற்காததால் விடியும்வரை நின்றேன்.

நீ இப்போது அந்த இறக்கத்தில்தான் இருக்கிறாய் என்று பயப்படுகிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை கூர்க் போய் மூன்று நாள் தூங்குகிறாய், நல்லதுதான். ஆனால் அது புகை வந்த பிறகு குடத்தோடு ஓடுவது மாதிரி. நான் கேட்பது நடுநடுவே ஒரு நிமிஷம். ஒரு மீட்டிங் முடிந்து அடுத்ததைத் திறக்கும் முன் கையை மடியில் வை. மூச்சை இழுத்ததைவிட மெதுவாக விடு, ஐந்தாறு தடவை. டிரைவர்களுக்கு நடந்த முகாமில் ஒரு டாக்டர் சொன்னார்: இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கும், விடும்போது நிதானமாகும். மணிக்கட்டில் விரல் வைத்துப் பார், உனக்கே தெரியும். கம்ப்யூட்டரைப் பார்க்கிறவர்கள் கண் சிமிட்டுவதே குறைந்துபோகிறதாம். அதனால் ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் ஒரு மரத்தைப் பார். என்ன மரம் என்று பார். உங்கள் பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் வண்டி நிற்கும்போது ஃபோனை எடுக்காதே. கடவுளாகப் பார்த்துக் கொடுத்த நிறுத்தம் அது, நீயும் நில்.

மனசு எங்கேயோ ஓடும். ஓடட்டும், திட்டாதே. ஓடியது தெரிந்ததும் திரும்பி மூச்சுக்கு வந்துவிடு, அவ்வளவுதான்.

வேலைக்கு நடுவில் அதற்கு நேரமில்லையே என்பாய். வண்டி ஓட்டுகிறவனுக்கே ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, நடுவில் அரைமணி ஓய்வு தர வேண்டும் என்று 1961-லேயே சட்டம் போட்டார்கள். உன் வேலைக்கு அப்படிக் கட்டை வைக்க ஆளில்லை. நீயேதான் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியும் ராத்திரித் தூக்கம் வரவில்லை என்றால் மறைக்காமல் டாக்டரைப் பார். எனக்கும் சொல், அடுத்த பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

அம்மா புது ராகி மாவும், உரித்த அவரைக்கொட்டை அரைக்கிலோவும் கொடுத்தனுப்புகிறாள். குழம்பு வைத்தால் சாப்பிடும்போது ஃபோனை வேறு ரூமில் வை. பிஞ்சு கலந்திருக்கிறது, போன தடவை மாதிரி இருக்காது என்கிறாள். எப்படி இருந்தது என்று அவளுக்குச் சொல். கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா