தலைகீழாய்த் தொங்கும் புழுவுக்கு மருந்து அடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கச்சான் இலையைத் தின்னும் புழு பெருகியிருப்பதாக உங்கள் விவசாயப் பக்கத்தில் வாசித்தேன். எந்தக் கிருமிநாசினியை எவ்வளவு தண்ணீரில் கலப்பது என்பதெல்லாம் விபரமாக இருந்தது. அந்தப் புழுவைத் தோட்டத்திலேயே கொல்லும் பக்குலோ வைரஸைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஒட்டுசுட்டானில் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் போய்ப் பார்த்தேன். செடி நுனியைப் பின்கால்களால் பற்றியபடி, தலை கீழே தொங்கப் புழுக்கள் செத்துக் கிடந்தன. ஈர்க்குக் குச்சியால் ஒன்றைத் தொட்டதும் தோல் கிழிந்து கபிலநிறத் தண்ணி வடிந்தது. பக்குலோ வைரஸ் தாக்கிய புழு இப்படித்தான் சாகும். வடியும் தண்ணி முழுக்க வைரஸைப் பொதிந்த நுண்ணிய புரதப் பளிங்குகள். அது பட்ட இலையைத் தின்னும் அடுத்த புழுவுக்கும் அதே கதிதான். தோட்டக்காரத் தம்பி, "ரீச்சர், வைரஸ் எண்டால் எங்களுக்கும் தொத்தாதோ?" என்று கேட்டார். அன்று பின்னேரமே மருந்தும் அடித்துவிட்டார். கொரோனாவில் பட்ட பாட்டுக்குப் பிறகு அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன்.

ஆனால் எங்கள் சுவாசப்பைக் கலங்களைப் பிடித்தது கொரோனாவின் உறையில் இருந்த முள் புரதம். பக்குலோ வைரஸின் உறையில் இருப்பவையோ புழுவின் நடுக்குடலுக்கென்று அமைந்த புரதங்கள்; பி-74 அவற்றில் ஒன்று. அவை வேலை செய்ய முதலில் பளிங்கு கரைய வேண்டும். பிஎச் 10 அளவுக்குக் காரத்தன்மையுள்ள புழுக் குடலில் அது கரையும்; எங்கள் இரைப்பையோ அமிலமுள்ளது. கரைந்ததும் அந்தப் புரதங்கள் குடற்கலத்தைப் பிடித்து, வைரஸின் உறையைக் கலமென்சவ்வோடு இணைத்துவிடும். உள்ளே பெருகிய வைரஸ் வெளியே வரும்போது வேறு புரதங்கள் பதிந்த உறையைப் போர்த்திக்கொண்டு உடல் முழுக்கப் பரவும். வாசலுக்கொரு உடுப்பு! உயர்தர வகுப்பில் இவ்வளவு காலம் உயிரியல் படிப்பித்தும், கண்ணெதிரே இருந்த இந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வாய்க்கவில்லையே என்ற கவலை எனக்கு உண்டு.

ஆய்வுகூடத்தில் மனிதக் கலத்துக்குள் புகுத்தினாலும் இந்த வைரஸ் அங்கே பெருகுவதில்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசி ஒன்றையே இதன் உதவியோடு பூச்சிக் கலங்களில் செய்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்த வைரஸைச் சர்க்கரைக் கரைசலோடு கலந்து பின்னேரத்தில் தெளிக்கிறார்கள். வெயிலின் புற ஊதாக்கதிர் பட்டால் அது கெட்டுவிடும். 2021 இல் கிருமிநாசினி இறக்குமதிக்குத் தடை வந்து நாங்கள் தவித்த நேரத்திலும் எங்கள் ஊர்க் கமக்காரர் கூட்டங்களில் ஒருவரும் இதை எடுத்துச் சொல்லவில்லை.

அடுத்த முறை, தொங்கும் புழுவின் படத்தைக் கலரில் போடுங்கள். அப்படிக் கண்டவர்கள் மருந்துப் போத்தலைத் திறக்க முன்னம் விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிட்டுக் காட்டும்படியும் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
ஒட்டுசுட்டான்.