ரவென்னாவில் ஓர் இரவு தங்குங்கள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, கைத்தடி இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் பெரிய ஆறுதல். ஏப்ரலில் மகளைப் பார்க்க இத்தாலியின் பொலோன்யாவுக்குப் போகும்போது, அருகிலுள்ள பழைய நகரமான ரவென்னாவை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பப் போவதாக எழுதியிருந்தீர்கள். ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பது உண்மைதான். ஆனாலும் ஓர் இரவாவது அங்கே தங்குங்கள். நானும் அப்படி நினைத்துப் போய், மாலை ரயிலில் ஏற மனம் வராமல் அறை தேடித் தங்கியவன்தான்.

சுற்றிலும் சதுப்பு நிலம் அரணாக இருந்ததால், 402-இல் மேற்கு ரோமானியப் பேரரசின் தலைநகரம் இங்கே மாற்றப்பட்டது. பிறகு ஜெர்மானிய இனத்தவரான கோத்தர்களின் அரசர் தியோடொரிக் இங்கிருந்து ஆண்டார். 540-இல் பைசாந்தியப் (கிழக்கு ரோமானியப்) படைகள் ஊரைக் கைப்பற்றின. இந்த மூன்று ஆட்சிகளின் சுவடுகளும் நடந்து போகும் தொலைவிலேயே கிடைக்கின்றன.

முதலில் ரோமானிய அரசி கல்லா பிளாசிடியாவின் பெயரால் வழங்கும் கல்லறை மாடத்துக்குப் போங்கள். வெளியே பார்த்தால் வெறும் செங்கல் கட்டடம். சிலுவை வடிவில், சிறிய வீடு அளவுக்குத்தான் இருக்கும். குனிந்து உள்ளே நுழைந்ததும் ஒரு கணம் ஒன்றும் தெரியாது. ஒளி ஊடுருவும் அலபாஸ்டர் கல் பதித்த சன்னல்களின் வழியே கசியும் தேன்நிற வெளிச்சத்துக்குக் கண் பழகப் பழக, தலைக்கு மேலே கருநீல வானமும் அதில் நூற்றுக்கணக்கான பொன் நட்சத்திரங்களும் மெல்லத் துலங்கி வரும். எல்லாம் மொசைக், அதாவது சிறு சில்லுகளைப் பதித்துச் செய்த ஓவியம். கண்ணாடிச் சில்லுகளைச் சமமாகப் பதிக்காமல், ஈரச் சாந்தில் ஒவ்வொன்றையும் சற்றே வெவ்வேறு சாய்வில் அழுத்தியிருப்பதால், நாம் ஓரடி நகர்ந்தாலும் வெளிச்சம் ஒரு சில்லிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. ஊர் நிலம் அமிழ்ந்துகொண்டே வந்ததால் தரையைச் சுமார் ஒன்றரை மீட்டர் உயர்த்தியிருக்கிறார்கள். அந்த வானம் நமக்கு இவ்வளவு அருகில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உள்ளே சில நிமிடங்களே நிற்க விடுவார்கள் என்பதால், படம் எடுப்பதில் அந்த நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

பக்கத்திலேயே 547-இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் விதாலே தேவாலயம். பேரரசர் ஜஸ்டினியனும் அரசி தியோடொராவும் பரிவாரங்களோடு எதிரெதிர்ச் சுவர்களில் மொசைக் உருவங்களாக நிற்கிறார்கள். இருவரும் இந்த ஊருக்கு ஒரு முறைகூட வந்ததில்லை.

ஆனால் நான் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருப்பது சான்த் அப்பொல்லினாரே நுவோவோ தேவாலயத்தைத்தான். தியோடொரிக் தம் அரண்மனைக்கென்று கட்டிக்கொண்ட கோயில் அது. இயேசுவைத் தந்தையாகிய கடவுளுக்குச் சமமாகக் கருதாத ஆரியுஸின் கோட்பாட்டை, கத்தோலிக்கர் ஏற்காத கோட்பாட்டை, அவர் பின்பற்றியதால், பைசாந்தியர் காலத்தில் கோயில் கத்தோலிக்கருக்குக் கைமாறியபோது, சுவரிலிருந்த அரண்மனைக் காட்சியில் நின்ற உருவங்களைப் பெயர்த்துவிட்டு அந்த இடங்களில் வெண்திரைகளைப் பதித்துவிட்டார்கள். தூண்களின் மேல் படிந்திருந்த சில கைகளை மட்டும் அவர்கள் பெயர்க்கவில்லை. உடலும் முகமும் இல்லாமல், வெள்ளைத் தூணின் குறுக்கே ஒரு முன்கையும் விரல்களும் மட்டும் இன்றும் தெரிகின்றன. அவை யாருடைய கைகள் என்று சொல்ல எந்த அடையாளமும் மிஞ்சவில்லை. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இத்தாலியக் கவிஞர் தாந்தே 1321-இல் இந்த ஊரில்தான் இறந்தார். அவரை நாடுகடத்திய அவரது சொந்த ஊரான ஃபிளாரன்ஸ் பின்னாளில் எலும்புகளைக் கேட்டு, 1519-இல் போப்பின் அனுமதியும் பெற்று ஆளனுப்பியபோது பேழை காலியாக இருந்தது. பிரான்சிஸ்கன் துறவிகள் முன்னதாகவே எடுத்து ஒளித்துவிட்டிருந்தார்கள். 1865-இல்தான் அவை ஒரு சுவருக்குள்ளிருந்து வெளிப்பட்டன. கல்லறையில் எரியும் விளக்குக்கு இன்று ஆண்டுதோறும் எண்ணெய் அனுப்புவது அதே ஃபிளாரன்ஸ்தான். அருகிலுள்ள சான் பிரான்செஸ்கோ தேவாலயத்தின் நிலவறையையும் மறக்காதீர்கள். நிலத்தடி நீர் நிரம்பி, பழைய மொசைக் தரைக்கு மேலே பொன்மீன்கள் நீந்துகின்றன.

பேராயர் அருங்காட்சியகத்தில் ஆயர் மாக்சிமியானின் யானைத் தந்த நாற்காலி இருக்கிறது; அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தியோடொரிக்கின் கல்லறை சற்றுத் தள்ளி இருப்பதால் முழங்கால் ஒத்துழைத்தால் மட்டும் போங்கள். பத்து மீட்டருக்கும் அதிகமான விட்டமுள்ள ஒரே கல்லைக் கூரையாக ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

இங்கே மழை ஓய்ந்துவிட்டது. பேத்தி பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். பறவை பார்க்க வைத்திருக்கிறீர்களே, அந்தப் பைனாகுலரை மறக்காமல் எடுத்துப் போங்கள்; அந்தக் கைகள் உயரத்தில் இருக்கின்றன. எத்தனை என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்