ஓர் உடம்பு எத்தனை வருஷம் தாங்கும்?

அன்புள்ள சாந்தி,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இவருக்கு ஆபீஸை ஒயிட்ஃபீல்டுக்கு மாற்றிவிட்டார்கள், காக்ஸ் டவுனிலிருந்து போய் வருவதற்குள் மனுஷன் பாதி ஆளாகிவிடுகிறார். இதோடு முடித்துவிட ஆசைதான், ஆனால் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. வாட்ஸ்அப்பில் சொன்னால் நீ அழுகிற பொம்மை நாலு அனுப்பிவிட்டு உடனே போன் போடுவாய், போனில் நீ பேசுவாய், நான் கேட்பேன், காலேஜ் நாளிலிருந்து அப்படித்தானே நடக்கிறது. அதனால்தான் மெயில். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

நம்ம பெண் யாழினிக்கு முதுகில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது திரும்பத் திரும்பச் சுமை விழுந்து எலும்பில் விட்ட விரிசல். முதுகெலும்பின் அடிப்பகுதியில், இடது பக்கம். கொஞ்ச நாளாகவே பவுலிங் முடித்து வந்தால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள், கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். ஒருநாள் ஷூ லேஸ் கட்டக் குனிய முடியவில்லை, எம்.ஆர்.ஐ. எடுத்தோம், தெரிந்துவிட்டது. நாலிலிருந்து ஆறு மாதம் பந்தையே தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பதினைந்து வயது சாந்தி. பத்தாவது பரீட்சைக்குப் பயப்பட வேண்டிய பெண், முதுகுக்குப் பயந்துகொண்டு நடக்கிறாள்.

அத்தை, "பேசாம செஸ்ல போடு, உக்காந்த எடத்துலயே ஆடலாம், ஆனந்த் இன்னும் ஆடிக்கிட்டுதானே இருக்கான்" என்கிறார். இவர், "படிப்புதான் முக்கியம், ஸ்ரீநாத்தும் கும்ப்ளேவும்கூட இன்ஜினியர்தான்" என்கிறார். இரண்டு பேரும் சொல்வது தப்பில்லை. ஆனால் அவளுக்குப் பிடித்தது ஓடி வந்து வேகமாகப் பந்து போடுவது. அதை மட்டும் யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு நான் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எந்த ஆட்டத்தில் எந்த உடம்பு எவ்வளவு நாள் தாங்குகிறது, ஏன் தாங்குகிறது என்று. உன்னிடம் கொட்டாமல் யாரிடம் கொட்டுவேன்?

முதலில் இந்த வேகப்பந்து. ஓடி வந்து முன்னங்காலை ஊன்றுகிற அந்த ஒரு நொடியில், உடம்பின் எடையைப் போலப் பல மடங்கு விசை தரையிலிருந்து திரும்பி மேலே ஏறுகிறது. அதே நேரம் முதுகு பின்னால் வளைகிறது, பக்கவாட்டில் சாய்கிறது, திரும்புகிறது. மூன்றும் ஒன்றாக, அதுவும் ஒவ்வொரு பந்துக்கும் அதே பக்கமாக. அதனால்தான் வலது கையால் போடுகிறவர்களுக்கு இடது பக்க எலும்பில் விரிசல் விழுகிறது. அந்த இடத்து எலும்போ இருபது வயதைத் தாண்டித்தான் முழுசாகக் கெட்டிப்படும். அதாவது பெரியவர்கள் தாங்க வேண்டிய சுமையை, இன்னும் காய்ந்து முடிக்காத சிமென்ட்டில் ஏற்றுகிறோம். இவ்வளவு படித்ததில் இன்னொன்றும் கண்ணில் பட்டது, ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை பையன்களையும் ஆண்களையும் வைத்துச் செய்தவை. பெண் பிள்ளைகளின் முதுகைப் பற்றித் தேடித் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

எனக்குக் கோபம் எதில் தெரியுமா? அவள் பள்ளிக்கூட டீமுக்கும் ஆடுகிறாள், கிளப்புக்கும் ஆடுகிறாள், வாரநாளில் அகாடமியில் நெட்ஸ், வலைப் பயிற்சி. மூன்று இடத்திலும் மூன்று கோச். ஒவ்வொருவரும் தன் இடத்தில் போட்ட ஓவரை மட்டும் கணக்கு வைத்துக்கொள்கிறார், அதுவும் மேட்ச்சில் போட்டால்தான் கணக்கு. நெட்ஸில் எத்தனை பந்து போட்டாள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இங்கிலாந்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வயதுவாரியாக ஒரு ஸ்பெல்லில், அதாவது விடாமல் தொடர்ந்து போடும்போது, இத்தனை ஓவர், ஒரு நாளில் இத்தனை ஓவர் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். இங்கே நல்லா போடுகிற பெண் கிடைத்தால் கையில் பந்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அகாடமி கோச் நல்ல மனுஷர்தான், ஆனால் மூன்று வாரம் ரெஸ்ட் எடுத்துவிட்டு செலக்‌ஷனுக்கு வந்துவிடட்டும், ஊசி போட்டு மேனேஜ் பண்ணலாம் என்றார். அன்றைக்கு நான் பேசிய கன்னடத்தை நீ கேட்டிருக்க வேண்டும்.

இந்த முதுகு வலி ஆளைப் பார்த்தா வருகிறது? பும்ராவுக்கு 2019-இல் இதே ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்தான், 2023-இல் நியூசிலாந்துக்குப் போய் முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டார், 2025 ஜனவரியில் சிட்னியில் மறுபடி முதுகைப் பிடித்துக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியே வந்தார். அந்த வருஷம் இங்கிலாந்துத் தொடரில் ஐந்து டெஸ்டில் மூன்றில் மட்டும் ஆட வைத்தார்கள். ஊரெல்லாம் திட்டியது. எனக்கு அந்த முடிவு எவ்வளவு நியாயமானது என்று இப்போதுதான் உறைக்கிறது. நியூசிலாந்தின் ஷேன் பாண்டை நினைத்துப் பார், அந்த வேகத்துக்கு மொத்தம் 18 டெஸ்ட்தான் ஆடினார். நம்ம பாலாஜி, 2004-இல் பாகிஸ்தானில் அந்தச் சிரிப்போடு சிக்ஸ் அடித்த பாலாஜி, முதுகால்தான் பாதியில் போனார். 8 டெஸ்டோடு சரி. திரும்பி வந்தபோது பந்து போடுகிற ஆக்‌ஷனையே மாற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

ஆனால் இங்கிலாந்தின் ஆண்டர்சனும் வேகப்பந்துதானே? 2003-இல் ஆரம்பித்து 2024 ஜூலையில் லார்ட்ஸில் முடித்தார், 41 வயது, 188 டெஸ்ட், 704 விக்கெட். இதில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்: சின்ன வயதில் அவர் முதுகைக் காப்பாற்றப் போகிறோம் என்று கோச்சுகள் அவருடைய ஆக்‌ஷனை மாற்றினார்கள், அதற்கப்புறம் 2006-இல் அவருக்கு முதுகிலேயே ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் வந்தது. குணமானதும் பழைய ஆக்‌ஷனுக்கே போய்விட்டார். அதில்தான் அத்தனை வருஷம் ஓடினார். அப்புறம் நம்ம பெண்கள் அணியின் வேகப்பந்து ஜூலன் கோஸ்வாமி. 2002-லிருந்து 2022 வரை, இருபது வருஷம், 255 ஒருநாள் விக்கெட். கடைசி மேட்ச் ஆடும்போது 39 வயது. யாழினியின் அறைச் சுவரில் இருப்பவர் அவர்தான். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டுதான் இப்போது குப்புறப் படுத்துப் பயிற்சி செய்கிறாள்.

இதையெல்லாம் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுவது என்னவென்றால், எந்த ஆட்டம் கஷ்டம் எது சுலபம் என்று கேட்பதில் பாதிதான் பதில் இருக்கிறது. சுமை உடம்பின் எந்த இடத்தில் விழுகிறது, அந்த இடம் ஓய்ந்தால் அந்த ஆட்டத்துக்குள்ளேயே தள்ளி நிற்க வேறு இடம் இருக்கிறதா, இதைத்தான் பார்க்க வேண்டும். காலேஜில் வாலிபால் ஆடிய நம்ம இரண்டு பேரையே எடுத்துக்கொள். ஒரே கோர்ட், ஒரே மணி நேரம், ஒரே உப்புமா. நான் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டர், எனக்கு விரல் சுளுக்கியதோடு சரி. நீ அடிக்கிற அட்டாக்கர், நான் தூக்கிப் போட்ட ஒவ்வொரு பந்துக்கும் நீதான் எகிறிக் குதித்துக் கீழே வந்தாய். இறுதியாண்டிலேயே மாடிப்படி இறங்க உனக்கு முட்டி வலிக்கும், ரெஜினா மிஸ் ஐஸ் கட்டியை மடித்துக் கொடுப்பார். வாலிபால் முட்டியைக் கெடுக்கும் என்று சொன்னால் அது உன் கதை, என் கதையில்லை.

இங்கே கர்நாடகத்திலேயே பார், ஸ்ரீநாத்தும் கும்ப்ளேவும் ஏறக்குறைய ஒரே வயது. வேகம் போட்ட ஸ்ரீநாத் 67 டெஸ்டில் 236 விக்கெட்டோடு 2003 உலகக் கோப்பை முடிந்து போய்விட்டார். சுழல் போட்ட கும்ப்ளே 2008 வரை ஆடி 132 டெஸ்ட், 619 விக்கெட். இரண்டு பேருக்கும் தோளில் ஆபரேஷன் நடந்திருக்கிறது, அதையும் மறந்துவிடாதே. டென்னிஸ் ஆடுகிற போபண்ணாவுக்கு முட்டியில் குருத்தெலும்பே தேய்ந்துபோயிருந்தது, குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது, தேய்ந்தால் தேய்ந்ததுதான். ஐயங்கார் யோகா செய்து, பாதி கோர்ட்டை மட்டும் காக்க வேண்டிய இரட்டையர் ஆட்டத்தில் நின்று, 2024-இல் 43 வயதில் ஆஸ்திரேலிய ஓப்பன் ஜெயித்து உலகத்தில் முதல் இடம் பிடித்தார். சாய்னாவுக்கும் முட்டிதான். ஆனால் பேட்மின்டன் ஒற்றையர் ஆட்டத்தில் முட்டியை எங்கே ஒளித்து வைப்பது? முழுக் கோர்ட்டையும் ஒரு ஆள் குதித்தும் குனிந்தும் காக்க வேண்டும்.

கபடியை விட முரட்டு ஆட்டம் எது? அதில் நம்ம தர்மராஜ் சேரலாதன் நாற்பதைத் தாண்டிய பிறகு பாட்னா அணிக்குக் கேப்டனாக நின்று 2016-இல் ப்ரோ கபடி கோப்பை வாங்கினார். அவர் ரெய்டுக்குப் போகிறவர் இல்லை, பிடிக்கிறவர். கோல்கீப்பர்களும் அப்படித்தான், இத்தாலியின் பஃபோன் 45 வயது வரை ஆடினார். அமெரிக்க ஃபுட்பாலில் ஒரு வீரரின் சராசரி ஆட்டக்காலம் மூன்று வருஷம் சொச்சம்தான் என்று அவர்கள் சங்கமே சொல்கிறது, அதே ஆட்டத்தில் டாம் பிரேடி 23 சீசன் ஆடினார், பின்னால் நின்று பந்தை எறிகிற இடம் அவருடையது. அந்தச் சராசரியிலும் அடிபட்டவர்கள் மட்டும் இல்லை, ஒரு வருஷம் பார்த்துவிட்டு அணி வேண்டாம் என்று அனுப்பிய பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே இடம் போய்விடுவதும் உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இன்னொன்று, இது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. எத்தனை வருஷம் ஆடினார் என்று எழுதும்போது முதல் சர்வதேச மேட்ச்சிலிருந்து எண்ணுகிறார்கள். உடம்பு அப்படி எண்ணுமா? ஜிம்னாஸ்டிக்ஸ் தீபா கர்மாகர் 2024-இல் 31 வயதில் ஓய்வு பெற்றபோது சீக்கிரம் போய்விட்டார் என்று பேசினார்கள். அந்தப் பெண் ஆறு வயதிலிருந்து குதித்துக்கொண்டிருந்தார் சாந்தி! ரியோ ஒலிம்பிக்ஸில் நாலாவது இடம், அப்புறம் முட்டி ஆபரேஷன், அதற்கும் பிறகு 2024-இல் ஆசியத் தங்கம். இருபத்தைந்து வருஷ உழைப்பு அது. யாழினி பத்து வயதில் பந்தை எடுத்தாள். எந்தக் கணக்கிலும் அவள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, எலும்பின் கணக்கில் ஐந்து வருஷம் முடிந்துவிட்டது. அந்த ஐந்து வருஷத்துக்கு யார் பொறுப்பு? சம்பளம் கிடையாது, இன்ஷூரன்ஸ் கிடையாது, பிசியோ கிடையாது, பெற்றவர்கள்தான் கையிலிருந்து கொடுக்க வேண்டும். பணமில்லாத வீட்டுப் பெண் வலியை மறைத்துக்கொண்டு ஆடிக்கொண்டே இருப்பாள், அவளை யாரும் கேட்கப்போவதும் இல்லை.

உனக்கு முட்டி போனபோது ரயில்வே இருந்தது. ஆட்டம் நின்றாலும் மாதச் சம்பளம் நிற்கவில்லை, பெரம்பூரில் உனக்கென்று ஒரு மேஜை இருந்தது. பெண்கள் கிரிக்கெட்டையே ரொம்ப வருஷம் தாங்கிப் பிடித்தது ரயில்வேதான், மிதாலி ராஜ்கூட அங்கே வேலை பார்த்தவர்தானே. இப்போது 2023-இலிருந்து டபிள்யூ.பி.எல்., பெண்களுக்கான ஐ.பி.எல்., வந்துவிட்டது, ஸ்மிருதியை இங்கே பெங்களூரு அணி 3.4 கோடிக்கு எடுத்தது, எல்லா அம்மாக்களுக்கும் கண்ணில் அதுதான் தெரிகிறது. எனக்கும் சந்தோஷம்தான், 2025 நவம்பரில் நம்ம பெண்கள் உலகக் கோப்பை ஜெயித்த அன்றைக்கு நானும் யாழினியும் கட்டிப்பிடித்து அழுதோம். ஆனால் ஏலத்தில் பேர் வராத பெண்ணின் முதுகுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

முடிவு எடுத்தாகிவிட்டது. இந்த வருஷம் செலக்‌ஷன் கிடையாது. முழு ஆறு மாதம். வலி போன பிறகு பேட்டிங் பண்ணட்டும், பந்தைத் தொடும் முன்னால் இன்னொரு ஸ்கேன். அதற்கப்புறம் பள்ளிக்கூடம், கிளப், அகாடமி மூன்றுக்கும் சேர்த்து ஒரே நோட்டு, நெட்ஸில் போடுகிற பந்தும் அதில் ஏற வேண்டும், மூன்று கோச்சும் கையெழுத்துப் போட வேண்டும். ஒத்துக்கொள்ளாத இடத்துக்கு அவள் போகப்போவதில்லை. இவர் சரி என்றுவிட்டார். அத்தை இன்னும் செஸ் போர்டைத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறார்.

யாழினி மட்டும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நான் என்ன சொன்னாலும், "உனக்கு என்னம்மா தெரியும், உனக்கு அடியே பட்டதில்லையே" என்கிறாள். அவள் சொல்வது உண்மை. அதனால்தான் கேட்கிறேன், நீ வர வேண்டும். ஆட்டத்தை விட்ட அந்த வருஷத்தைப் பற்றி நீ என்னிடம்கூடச் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு வந்தபோதுகூட முட்டிப் பேச்சு எடுத்தால் பந்தி பக்கம் போய்விட்டாய். எங்கே ஏமாந்தாய், யார் பேச்சைக் கேட்டு வலியோடு ஆடினாய், ஆபரேஷன் முடிந்து வீட்டில் கிடந்த நாட்களில் என்ன செய்தாய், எல்லாவற்றையும் அவளிடம் சொல். நான் கேட்கக் கூடாது என்றால் கடைக்குப் போய்விடுகிறேன்.

ஜனவரியில் பொங்கல் முடிந்ததும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் ஏறி கன்டோன்மென்ட்டில் இறங்கு, நான் வந்து நிற்கிறேன். பாஸ் சும்மாதானே கிடக்கிறது உன்னிடம். லிஃப்ட் வேலை செய்கிறது, முட்டியைச் சாக்குச் சொல்லாதே. வரும்போது அண்ணியிடம் கேட்டு அந்த நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் வாங்கி வா, யாழினி அதற்காகவாவது முகம் கொடுத்துப் பேசுவாள்.

அன்புடன்,
மீனா