ஞாயிறு கூட்டம்: பிள்ளைகளுக்கான கணினி வேலைப் பயிற்சி

அனைவருக்கும் வணக்கம்.

18 வயது தாண்டிய நம் பிள்ளைகளுக்கு (ஆட்டிசம், ஏடிஎச்டி எனும் கவனக்குறைவு-அதீத துறுதுறுப்பு, கற்றல் குறைபாடு) கணினி வேலைப் பயிற்சி தொடங்குவது பற்றிப் பேச, வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு வழக்கமான அரங்கத்தில் கூடுகிறோம்.

1. பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். அவர்கள் வேலையை நாம் மட்டும் பேசி முடிப்பது சரியில்லை. மைக் கிடையாது. சத்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பக்கத்து அறை காலியாக இருக்கும்.

2. யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) நகல் அவசியம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் உள்ள 4% ஒதுக்கீட்டில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் வருகின்றன. ஆனால் சான்றிதழில் குறைபாட்டின் அளவு குறைந்தது 40% என்று இருக்க வேண்டும். ஏடிஎச்டி மட்டும் இருந்தால் அந்தப் பட்டியலில் இல்லை.

3. சாஃப்ட்வேர் டெஸ்டிங் (மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது), டேட்டா என்ட்ரி, டிசைன்: எதில் விருப்பம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். டென்மார்க்கில் 2004-ல் தொடங்கிய ஸ்பெஷலிஸ்டர்ன் நிறுவனம் ஆட்டிசம் உள்ளவர்களை டெஸ்டிங் வேலைக்கு எடுத்துப் பேர் வாங்கியது. அதற்காக எல்லாப் பிள்ளைகளையும் அதிலேயே தள்ள வேண்டாம்.

4. லீவு கேட்பது, புரியவில்லை என்று மெயில் போடுவது, தனியாகப் பஸ் ஏறுவது ஆகியவையும் பாடத்தில் உண்டு. என்னைக் கேட்டால் பாதி வேலை இதுதான். ஏற்கெனவே வேலைக்குப் போகும் பிள்ளைகள் யாராவது வந்து பத்து நிமிடம் பேச முடியுமா?

5. வியாழன் இரவுக்குள் பதில் தேவை: வயது, படிப்பு, வீட்டில் லேப்டாப் உண்டா? மருத்துவ அறிக்கைகளைக் குழுவில் போடாதீர்கள், எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

அப்புறம், அதுவரை குட்மார்னிங் படங்கள் வேண்டாமே. பதில்கள் எல்லாம் மேலே போய்விடுகின்றன.