வேர்க்கடலை ஒவ்வாமை: எதிர்ப்புச் சக்தி குறைவால் வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உணவு ஒவ்வாமை பற்றிப் பத்திரிகைகளின் மருத்துவப் பக்கங்களில் வரும் குறிப்புகள் பலவும், ‘எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குத்தான் அலர்ஜி வரும், அதைக் கூட்டினால் சரியாகிவிடும்’ என்கிற ரீதியில் முடிகின்றன. வேர்க்கடலை விஷயத்தில் இது தவறான தகவல். உயிரைப் பறிக்கக்கூடிய தகவலும்கூட. கஷாயமும் சத்துமாவும் கொடுத்துப் பிள்ளையைத் தேற்றிவிட்டோம் என்று நம்பி மறுபடி கடலைமிட்டாயை நீட்டினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உடலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஆபத்து நேரத்தில் எந்த மருந்து வேலை செய்யும், எது செய்யாது என்பது அதிலிருந்துதான் விளங்கும்.

வேர்க்கடலைப் பருப்பில் ஏறத்தாழ 25 சதவீதம் புரதம். அதில் ஒவ்வாமையைத் தூண்டுபவை பத்துக்கும் மேல் உண்டு. கடுமையான விளைவுகளுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை ‘அரா எச் 2’, ‘அரா எச் 6’ என்று பெயரிடப்பட்ட இரண்டு. இவை சிறிய புரதங்கள். கந்தகப் பிணைப்புகள் உள்ளே இறுக்கிப் பிடித்திருப்பதால் அடுப்புச் சூட்டில் எளிதில் குலைவதில்லை, வயிற்றின் அமிலத்திலும் பெப்சின் என்ற செரிமான நொதியிலும் சுலபமாகச் சிதைவதில்லை. வறுக்கும்போது புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து ஒவ்வாமைத் தன்மை இன்னும் கூடுகிறது. அவிக்கும்போது ஒரு பகுதி தண்ணீரில் இறங்கிவிடுவதால் சற்றுக் குறைகிறது. அதை வைத்து அவித்த கடலை பரவாயில்லை என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். பருப்பில் மீதி இருப்பதே ஒவ்வாமை உள்ளவருக்குப் போதும்.

ஒவ்வாமை ஒரே நாளில் உருவாவதில்லை. முதல் கட்டம் சத்தமில்லாமல் நடக்கிறது. கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் அழற்சி உள்ள குழந்தையின் தோலில் வெடிப்புகள் இருக்கும். ஃபிலாக்ரின் என்ற தோல் புரதம் பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு அந்தத் தடுப்பு இன்னும் பலவீனம். வறுத்த கடலையைப் புடைக்கும்போது பறக்கும் பொடியும், கடலை தின்ற கையால் குழந்தையைத் தூக்கும்போது ஒட்டும் துகளும் அந்த வெடிப்பு வழியே உள்ளே போகின்றன. தோலில் காவலிருக்கும் டென்ட்ரைட்டிக் செல்கள் அந்தப் புரதத்தைத் துண்டாக்கி டி செல்கள் என்ற வெள்ளையணுக்களிடம் காட்டுகின்றன. புண்பட்ட தோலிலிருந்து வரும் அபாயச் செய்திகள் கூடவே சேர்ந்துகொள்வதால் டி செல்கள் ‘டிஎச் 2’ என்ற வகையாக மாறி, ஐஎல்-4, ஐஎல்-13 என்ற இரசாயனங்களைச் சுரக்கின்றன. அவற்றின் தூண்டுதலில் பி செல்கள் கடலைப் புரதத்துக்கென்றே ‘ஐஜிஇ’ எதிர்ப்பொருளைத் தயாரிக்கின்றன. இந்த எதிர்ப்பொருள் இரத்தத்தில் இரண்டு மூன்று நாளில் பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் தோல், மூச்சுக்குழாய், குடல் எங்கும் பரவியிருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டால் வாரக்கணக்கில் இருக்கும். அதுவரை குழந்தைக்கு எந்த அறிகுறியும் தெரியாது.

பிறகு ஒருநாள் சட்னியிலோ பொடியிலோ கடலை உள்ளே போகிறது. ஒரே புரதத் துண்டு, பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு ஐஜிஇ-க்களைப் பிணைத்த மாத்திரத்தில் மாஸ்ட் செல் தன் துகள்களை வெளியே கொட்டிவிடுகிறது. ஹிஸ்டமினும் டிரிப்டேஸும் உடனே வருகின்றன. சில நிமிடங்களில் லுகோட்ரையீன்கள், பிராஸ்டாகிளாண்டின்கள், பிளேட்லெட் ஆக்டிவேட்டிங் ஃபாக்டர் ஆகிய அழற்சி இரசாயனங்கள் எல்லாம் புதிதாக உருவாகிச் சேர்கின்றன. இரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன, மூச்சுக்குழல் தசைகள் சுருங்குகின்றன, தொண்டை வீங்குகிறது, வயிற்றைப் புரட்டி வாந்தி வருகிறது. கடுமையான நிலையில் குழாய்களுக்குள் ஓடும் திரவத்தில் மூன்றில் ஒரு பங்குவரை பத்தே நிமிடத்தில் வெளியே கசிந்துவிடலாம். இதைத்தான் அனாஃபிலாக்சிஸ் என்கிறோம். ஐஜிஇ, மாஸ்ட் செல் இரண்டும் குடற்புழு போன்ற ஒட்டுண்ணிகளை எதிர்க்க உடலில் உள்ள ஏற்பாடு. கடலைக்கு எதிராக அது முழு வலுவோடு இயங்கிக்கொண்டிருக்கும்போது எந்தச் சக்தியைக் கூட்டப் பார்க்கிறோம்?

அவசரத்துக்கு வருவோம். வீடுகளில் முதலில் கை போவது அவில், செட்ரிசின் மாத்திரைகளுக்கு. இவை ஹிஸ்டமின் ஒன்றைத்தான் தடுக்கும். அரிப்பும் தடிப்பும் குறையும். வேலை செய்ய அரை மணிக்கு மேல் ஆகும். லுகோட்ரையீனால் இறுகிய மூச்சுக்குழலையோ சரிந்த இரத்த அழுத்தத்தையோ அவற்றால் மீட்க முடியாது. தடிப்பு மறைவதைப் பார்த்து ஆபத்து நீங்கியதாக எண்ணிக் காத்திருப்பதுதான் இதில் பெரிய கேடு. ஸ்டீராய்டு ஊசி வேலை செய்ய மணிக்கணக்கில் ஆகும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதால் பயனில்லை, நேரம்தான் போகும்.

இதற்கு முதல் மருந்து அட்ரினலின். விரிந்த குழாய்களைச் சுருக்குகிறது, இதயத் துடிப்பை வலுவாக்குகிறது, மூச்சுக்குழலைத் திறக்கிறது, மாஸ்ட் செல் மேலும் கொட்டுவதையும் மட்டுப்படுத்துகிறது. 1 மி.லி. ஆம்பூலில் (சிறு கண்ணாடிக் குப்பியில்) 1 மி.கி. மருந்து இருக்கும். அளவு, கிலோ எடைக்கு 0.01 மி.கி. அதாவது 10 கிலோ குழந்தைக்கு 0.1 மி.லி., 20 கிலோவுக்கு 0.2, குழந்தைகளுக்கு உச்சம் 0.3, பெரியவர்களுக்கு 0.5 மி.லி. தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள் போட வேண்டும். குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், தொடைத் தசையில் போட்ட மருந்து சராசரியாக 8 நிமிடத்தில் இரத்தத்தில் உச்சத்தை எட்டியது. தோலுக்கடியில் போட்டபோது 34 நிமிடம் ஆனது. மாஸ்ட் செல்கள் கொட்டும் வேகத்தோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசமே உயிருக்கும் சாவுக்கும் நடுவிலான இடைவெளி. இன்சுலின் சிரிஞ்சின் ஊசி குட்டை, தசையை எட்டாது. அதன் கோடுகள் யூனிட் கணக்கில் இருப்பதால் அளவும் பிசகும். ஐந்து நிமிடத்தில் மாற்றம் தெரியாவிட்டால் அதே அளவை மறுபடி போடலாம். நீர்க்காத மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றுவது இதயத் துடிப்பையே குலைத்துவிடும். ஆம்பூல் பழுப்பு நிறமாகிவிட்டால் பயன்படுத்தக் கூடாது.

தானாகக் குத்தும் பேனா ஊசி நம் ஊர் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே கடலை ஒவ்வாமை உறுதியான குழந்தையின் பெற்றோர், ஆம்பூலும் 1 மி.லி. சிரிஞ்சும் சரியான நீள ஊசியும் மருத்துவரிடம் எழுதி வாங்கி, போடும் முறையையும் அவரிடமே பழகிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, இதைப் பலரும் கவனிப்பதில்லை. மயங்கும் நிலையில் இருப்பவரை எழுப்பி நிற்க வைக்காதீர்கள். இருவருக்கு நடுவில் உட்கார வைத்து இருசக்கர வண்டியில் கொண்டுபோகாதீர்கள். குழாய்கள் விரிந்த நிலையில் உடம்பு நிமிர்ந்தால் இரத்தம் காலில் தங்கி, இதயத்துக்குத் திரும்பும் ஓட்டம் அற்றுப்போகும். அப்படி எழுந்த சில நொடிகளில் இறந்தவர்கள் உண்டு. படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கட்டும். 108-ஐ அழையுங்கள். தேறியதுபோல் தெரிந்தாலும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருப்பது அவசியம். அறிகுறிகள் இரண்டாவது முறை திரும்புவது உண்டு. தோலில் தடிப்பே இல்லாமலும் அனாஃபிலாக்சிஸ் வரும். கட்டுப்படாத ஆஸ்துமா இருந்தால் ஆபத்து பல மடங்கு.

பரிசோதனை பற்றியும் ஒரு வார்த்தை. இரத்தத்தில் ஐஜிஇ இருப்பது வேறு, ஒவ்வாமை இருப்பது வேறு. முடிவில் ‘பாசிட்டிவ்’ வந்தும் தினமும் கடலை தின்று நலமாக இருப்பவர்கள் ஏராளம். அறிகுறியே இல்லாத பிள்ளைக்கு நூறு உணவுப் பட்டியலோடு சோதனை செய்து, கடலை, பால், முட்டை என்று வரிசையாக நிறுத்துவது ஊட்டச்சத்துக் குறைவில் கொண்டுபோய் விடும். ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்ப்பொருளின் அளவைக் காட்டும் உணவுப் பரிசோதனைகள் ஒவ்வாமையைக் கண்டறிய உதவாது.

பயந்து கடலையைக் குழந்தைக்கே காட்டாமல் வளர்ப்பதும் சரியில்லை. லண்டனில் நடந்து 2015-ல் வெளியான ‘லீப்’ ஆய்வில், கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். கடலையை ஐந்து வயதுவரை தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை வந்தது. முதல் வயதிலிருந்தே வாரம் 6 கிராம் கடலைப் புரதம் தின்றவர்களில் 3.2 சதவீதம் பேருக்கே வந்தது. குடல் வழியே சிறு வயதில் அறிமுகமாகும் புரதத்தை உடல் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளப் பழகுகிறது. கடும் கரப்பான் உள்ள குழந்தைக்கு மருத்துவர் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். மற்றவர்களுக்கு ஆறு மாதம் அளவில், வழவழப்பாக அரைத்த கடலை விழுதை வெந்நீரில் கரைத்து நுனிக் கரண்டி கொடுத்து, பத்து நிமிடம் பார்த்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம். முழுப் பருப்பு ஐந்து வயதுவரை வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கும். ஏற்கெனவே ஒவ்வாமை வந்துவிட்ட பிள்ளைக்கு இந்த முறை பொருந்தாது. அவர்களுக்கு மில்லிகிராம் கணக்கில் ஏற்றும் வாய்வழிச் சிகிச்சை இருக்கிறது. அதை மருத்துவமனைக் கண்காணிப்பில்தான் தொடங்க வேண்டும்.

உணவுப் பொட்டலங்களில் வேர்க்கடலை இருந்தால் குறிப்பிட வேண்டும் என்று 2020-ம் ஆண்டின் உணவு லேபிள் விதிகள் சொல்கின்றன. எடை போட்டுத் தரும் மிக்சருக்கும் தள்ளுவண்டிச் சட்னிக்கும் லேபிள் ஏது? கேட்டுத்தான் வாங்க வேண்டும். செக்குக் கடலை எண்ணெயில் புரதம் தங்கியிருக்கும், நன்கு சுத்திகரித்ததில் அநேகமாக இருக்காது. கடலை தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், சானிடைசர் அந்தப் புரதத்தை அகற்றாது.

தங்கள் மருத்துவப் பக்கத்தில் அடுத்த முறை ஒவ்வாமை பற்றிக் குறிப்பு வரும்போது, அட்ரினலின் அளவையும் படுக்க வைக்கும் முறையையும் கட்டம் கட்டி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நோயெதிர்ப்பியல் ஆசிரியர் ஒருவர்,
மதுரை.