கங்கை ஒப்பந்தம்: முதலில் நீர்க்கணக்கைத் திறந்து வையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கங்கை நீர்ப் பகிர்வுக்காக இந்தியாவும் வங்கதேசமும் 1996 டிசம்பர் 12 அன்று போட்ட 30 ஆண்டு ஒப்பந்தம் 2026 டிசம்பரோடு முடிகிறது. புதுப்பிப்பது பற்றிய பேச்சில் டெல்லி-டாக்கா உறவு அடிபடும் அளவுக்கு ஆற்றின் கணக்கு அடிபடவில்லை.

ஜனவரி 1 முதல் மே 31 வரை, பத்து பத்து நாளாகப் பிரித்து, மேற்கு வங்கத்தில் கங்கைக்குக் குறுக்கே உள்ள பராக்கா தடுப்பணையில் பங்கிடுகிறார்கள். வரத்து வினாடிக்கு 70,000 கன அடி வரை இருந்தால் சரிபாதி. 75,000 வரை வங்கதேசத்துக்கு 35,000, மீதி நமக்கு. அதற்கு மேல் நமக்கு 40,000, மீதி அவர்களுக்கு. இந்த அட்டவணைக்கு அடிப்படை, 1949 முதல் 1988 வரையிலான சராசரி வரத்து. அந்த 40 ஆண்டுகளில் பெரும்பகுதி, பராக்கா இயங்கத் தொடங்கிய 1975-க்கு முந்தையது. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் பாசனத்துக்கு எடுக்கும் நீர் அதன்பின் கூடிக்கொண்டே வந்தது. நிபுணர்கள் கொடுத்த எண்தான். ஆனால் கையெழுத்துக்குத் தோதான எண். முதல் கோடையிலேயே, 1997-ல், வரத்து அந்தச் சராசரிக்கு வெகுவாகக் கீழே போனது.

50,000-க்குக் கீழே போனால் என்ன செய்வது? உடனே கலந்து பேச வேண்டும் என்பதோடு ஒப்பந்தம் நின்றுவிடுகிறது. பற்றாக்குறை ஆண்டில் விகிதாசாரப்படி குறைத்துக்கொள்ளுங்கள் என்று காவிரி நடுவர் மன்றம் 2007-ல் சொன்னதே, அதுபோன்ற ஒரு சூத்திரம் இங்கே இல்லை.

கங்கை நீரை ஹூக்ளி ஆற்றுக்குக் கொண்டுபோகும் பராக்கா கால்வாய்க்குக் கோடையில் 40,000 கன அடி கிடைக்காது, மால்டா, முர்ஷிதாபாத் மாவட்டங்கள் வெள்ளத்தில் சிக்கும் என்று பராக்கா கட்டும் முன்பே எச்சரித்தவர் மேற்கு வங்கப் பொறியாளர் கபில் பட்டாச்சார்யா. கேட்க ஆளில்லை. இன்று அப்படி ஒருவர் எச்சரிக்க நினைத்தாலும் கையில் எண் கிடைக்காது. காவிரியின் நீரோட்ட அளவுகளை யாரும் பார்க்கலாம். கங்கைப் படுகையுடையதோ ரகசியப் பட்டியலில் இருக்கிறது. சரிபார்க்க முடியாத எண்ணை வைத்து அண்டை நாட்டோடு பேரம் பேசுவது நமக்கே ஆபத்து.

பராக்காவிலும் வங்கதேசத்தின் ஹார்டிஞ்ச் பாலத்திலும் இரு நாட்டுக் கூட்டுக் குழு எடுத்த தினசரி அளவுகளை, 1997 முதல், பேச்சுவார்த்தைக்கு முன்பே வெளியிட வேண்டும். சராசரியை விட்டுவிட்டு, நான்கில் மூன்று ஆண்டுகள் நிச்சயமாகக் கிடைக்கும் வரத்தை அடிப்படையாக்க வேண்டும். வண்டலால் அவதிப்படும் பீகாரின் பொறியாளர்களையும் மேற்கு வங்கப் பொறியாளர்களையும் வரைவு எழுதும்போதே உட்கார வைக்க வேண்டும். வரைவு தயாரான பிறகு மேற்கு வங்கத்தைக் கேட்டதால் 2011-ல், வங்கதேசத்தோடு தீஸ்தா ஆற்று நீரைப் பகிரும் ஒப்பந்தம் கையெழுத்தாகாமலே நின்றது. இன்றும் அப்படியே நிற்கிறது.

– நீர்வளப் பொறியாளர், திருச்சி